சுத்தியல் வாங்கப் போகிறீர்களா?

கத்தரிக்காய் வாங்கும்போது புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். சொத்தை இருக்கிறதா என்று காம்பருகே கண்ணை வைத்துப் பார்க்கிறோம். ஆனால் சுத்தியல் வாங்கும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொள்கிறோம்! கத்தரிக்காய் சொத்தையானால் ஒரு வேளைக் குழம்புதான் கெடும். சுத்தியலின் தலை கழன்று பறந்தாலோ எதிரே நிற்பவர் மண்டை உடையும்.

சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையில், செங்குன்றத்தைத் தாண்டியதும் வருவது சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியால் பெயர் பெற்ற ஊர். இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் இங்கே உண்டு. 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அதில்தான் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுகளம் ஏற்பட்ட பிறகு அந்த ஆரவாரம் அங்கே போய்விட்டது. ஆகவே ஸ்பானரும் கையுமாக நிற்கும் மனிதர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர்.

இன்று அப்படிப்பட்டவர்கள் ஏராளம். சாலை நெடுக லாரிப் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் கிடங்குகளும் இருக்கின்றன. இன்னும் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்து வருகிற பையன், ஒயரிங் வேலைக்குப் போகும் எலெக்ட்ரீஷியன், தச்சர், கொத்தனார் ஆகிய பலரும் கருவியைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நல்ல கட்டிங் பிளேயர் ஒன்றுக்கு ஒரு நாள் கூலியில் பெரும் பங்கு போய்விடும். தள்ளுபடிக் கடையில் கூட்டம் மொய்ப்பதில் வியப்பென்ன?

அங்கே போவது தவறே இல்லை. எதை மலிவாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பிரித்துக்கொண்டு போக வேண்டும். முறிந்தாலோ வழுக்கினாலோ கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து உண்டாக்கும் கருவியில் மிச்சம் பிடிக்கலாகாது. மற்றதில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். சாமான் பெட்டி, கயிறு, பெயிண்ட் பிரஷ், தூக்குக் குண்டு இவற்றுக்கெல்லாம் பெரிய கம்பெனிப் பெயர் எதற்கு?

கடையிலேயே சோதிக்கலாம்

அளவு பார்க்கும் கருவிகளில் ஒரு சௌகரியம் உண்டு. அவை மெய் சொல்கின்றனவா, பொய் சொல்கின்றனவா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். ரசமட்டத்தை மேஜைமேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி முன்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்கி நின்றதோ, இப்போதும் அதே பக்கம் அவ்வளவே ஒதுங்கி நின்றால் மட்டம் சரி. மேஜை கோணலாக இருந்தாலும் இந்தச் சோதனை பொய்க்காது.

மூலைமட்டத்தை ஒரு பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். பிறகு அதைப் புரட்டி, மறுபக்கமாக அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். விலகிப் போனால், விலகியதில் பாதி அந்த மூலைமட்டத்தின் பிழை. அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

அளவு டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதே என்று பலர் வேண்டாம் என்கிறார்கள். பாவம், கடைக்காரருக்கும் விளக்கம் தெரிவதில்லை. அது வேண்டுமென்றே ஆடவிட்டது. பலகையின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் வெளியே வரும். சுவரில் முட்டக் கொடுத்தால் உள்ளே போகும். கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் ஆட வேண்டும். அதற்கு மேல் தொளதொளத்தால் வாங்காதீர்கள்.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. மெல்லிய காகிதம் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். ஆணி அடித்த மூட்டு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வார்த்தை: கைப்பிடியில் வழவழப்பாக பிளாஸ்டிக் உறை இருப்பதால் மட்டும் ஷாக் அடிக்காது என்று நம்பிவிடக் கூடாது. பல பிளேயர்களில் அது பிடிப்புக்காகப் போட்ட உறைதான். 1000 வோல்ட் என்று முத்திரையிட்டு, நம்பகமான தயாரிப்பாளர் பெயரும் இருந்தால்தான் அது மின்காப்பு.

சுத்தியலுக்கு வருவோம். கைப்பிடி மரத்தின் ரேகை நுனியிலிருந்து அடிவரை நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் படக்கென்று முறியும். மேலே துளையில் ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிலர் உறுதியைச் சோதிப்பதாக எண்ணி இரண்டு சுத்தியலை ஒன்றோடொன்று மோதுகிறார்கள். அதைப் போல அபாயம் வேறில்லை! இரண்டும் கடினமாக்கப்பட்ட எஃகு. சில்லு தெறித்தால் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

கிரைண்டர் வட்டில் பேரமே வேண்டாம். நூறு மில்லிமீட்டர் கை கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. வட்டின்மேல் அச்சிட்ட சுற்று எண் யந்திரத்தின் எண்ணுக்குக் குறையக் கூடாது. காலாவதித் தேதியையும் பாருங்கள். எண்ணே அச்சிடாத வட்டு இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நாலு ஸ்பானர் போதும்

பளபளவென்ற பெட்டியில் நாற்பது சாமான் அடுக்கி வைத்து, "அண்ணே, அத்தனையும் சேர்த்து இவ்வளவுதான்!" என்பார்கள். அதில் பாதியை நீங்கள் ஆயுள் முழுதும் தொடப் போவதில்லை. கணக்குப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்கு 10-ம் நம்பர் ஸ்பானர், 8-க்கு 13, 10-க்கு 17, 12-க்கு 19 என்பது பழைய வழக்கம். புதிய அளவில் கடைசி இரண்டும் 16, 18 ஆகிவிட்டன. ஆகவே 10-11, 12-13, 16-17, 18-19 என்று நான்கு ஸ்பானர் வாங்கினால் இரண்டு வழக்கத்துக்கும் ஈடுகொடுக்கும். பெட்டிக்குக் கொடுக்கும் காசை இந்த நாலுக்குக் கொடுத்தால் உயர்ந்த எஃகே கிடைக்கும். மட்டமான ஸ்பானரின் வாய் அகன்றுபோய், போல்ட்டின் மூலைகளை மழுக்கிவிடும். அப்புறம் அந்த போல்ட்டைக் கழற்ற வெல்டிங்காரரைத்தான் கூப்பிட வேண்டும். கை வழுக்கி விரல் முட்டி தேய்வது தனிக் கணக்கு.

ஆக்ஸா பிளேடிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று வகை இருக்கிறது. அறுக்கும் இரும்பின் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது படிந்திருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு 32. சாதாரண வேலைக்கு 24. பிரேம் மலிவாக இருக்கலாம், பிளேடை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் சரி. பிளேடு மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

"இது கம்பெனி சாமானா, அண்ணே?" என்று கேட்டால், "எல்லாம் கம்பெனிதான், தம்பி!" என்ற பதில் தயாராக இருக்கும். எந்தக் கம்பெனி என்பதை அட்டையைத் திருப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கைக்கருவிகள் ஜலந்தரிலும் நாகௌரிலும் மிகுதியாகச் செய்யப்படுகின்றன, சீனாவிலிருந்தும் வருகின்றன. ஊர் எதுவானாலும் கவலையில்லை. உறையிட்ட சாமானில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், அதிகபட்ச விலை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பெயரைப் போடவே அஞ்சுகிறவன் செய்த எஃகை நாம் ஏன் நம்ப வேண்டும்?

ரசீது கேட்க வெட்கப்படாதீர்கள். செல்போனில் பணம் போன அத்தாட்சியில், என்ன சாமான் வாங்கினோம் என்பது இராது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைப் பார்த்து மிரளவும் வேண்டாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ரசீது தர மறுப்பதும் அப்படியே.

காசு மிகவும் முடையாக இருக்கிறதா? பழைய இரும்புக் கடையை எட்டிப் பாருங்கள். 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் தேடி அலைந்த தலைமுறைக்கு இந்த ருசி தெரியும். அடித்து உருவாக்கிய பழைய ஸ்பானர் துருப்பிடித்திருந்தாலும், வாய் நேராக இருந்தால், மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்ததும் புதுசையே தோற்கடிக்கும். பழைய உளியில் மட்டும், அடி வாங்கிய தலை காளான் குடைபோல் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிந்திருந்தால் அந்த விளிம்பை முதலில் சாணை பிடித்து எடுத்துவிட்டு, அப்புறம் சுத்தியலை ஓங்குங்கள்.