தாமரை இலையின் மூச்சு

கோட்டையூர், காரைக்குடிப் பகுதிகளில் ஊருணி இல்லாத ஊர் அரிது. தாமரை படர்ந்த குளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பூவும் இலையும் விற்கும் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இலைகளையெல்லாம் நீருக்குள் கைவிட்டு அடியோடு அறுத்தோம், அதன் பிறகு கொடி தழைக்கவில்லை. என்ன காரணம்?" விடை, இலையின் நுண்துளைகளில் இருக்கிறது.

தாமரைக் கிழங்கு சேற்றினுள் கிடப்பது. அங்கே பிராணவாயு மிக அரிது. ஆயினும் கிழங்கும் வேரும் உயிர்வாழ அது வேண்டும். அதனைக் கொண்டு சேர்ப்பது இலையே. காம்பை ஒடித்துப் பார்த்தால், நீளவாக்கில் ஓடும் குழாய்களைக் காணலாம். அவை கிழங்கு வரை தொடர்ந்து செல்கின்றன.

இலையின் உட்புறம் எப்போதும் ஈரமாயிருக்கும். நீராவி அங்கே இடம் பிடிப்பதால், உள்ளிருக்கும் காற்றில் பிராணவாயு முதலியவற்றின் விகிதம் வெளியிலுள்ளதைவிடக் குறைகிறது. அக்குறையை நிரப்ப வெளிக்காற்று நுண்ணிய வழிகளினூடே புகுகிறது. வழிகள் மிகச் சிறியவையாதலால், புகுந்த காற்று எளிதில் திரும்ப இயலாது. உள்ளே அழுத்தம் உண்டாகிறது. அழுத்தமுற்ற காற்று காம்பின் வழியே இறங்கிக் கிழங்கினூடே சென்று, வேறு குழாய்களின் வழியே மேலேறி, இலை நடுவிலுள்ள வெளிறிய வட்டத்தின் பெரிய துளைகளால் வெளியேறுகிறது. அவ்வட்டத்தில் நீர் தேங்கும்போது குமிழிகள் எழுவதுண்டு. பிரான்சு நாட்டு அறிஞர் ரஃபனோ தெலீல் 1841லேயே இதனை ஆராய்ந்து எழுதினார்.

இப்பெரிய துளைகள் வெறும் போக்கிகள் அல்ல. காலையில் திறந்து, நண்பகலில் மூடி, பிற்பகலில் மீண்டும் திறக்கின்றன என்று மாத்யூஸ், சேமூர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2014இல் வெளியான கட்டுரையில் காட்டினர். மூடும் வேளையில் காம்பினுள் காற்றோட்டம் சிறிது நேரம் திசை மாறுகிறது. சேற்றிலுள்ள கரியமிலவாயு இலைக்கு வந்து, உணவு தயாரிக்க உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து. கண்மாய் மதகைத் திறந்தும் அடைத்தும் நாம் நீரை ஆளுவது போலத் தாமரை காற்றை ஆளுகிறது.

ஆகவே காம்பை நீருக்குள் அறுத்தால், குழாய்களில் நீர் புகும். காற்று இறங்கும் பாதை அடைபடும். எல்லா இலைகளையும் எடுத்துவிட்டாலோ, கிழங்குக்கு மூச்சளிக்க எதுவுமில்லை. அங்கத்தினர்கள் நீர்மட்டத்திற்கு மேலேயே அறுப்பார்களாக; குளம் முழுதும் பரவலாக இலைகளை விட்டும் வைப்பார்களாக. இன்று விட்ட இலையே அடுத்த பருவத்தின் பூவுக்கு முதல்.