மிச்சச் சோற்றில் ஓர் ஆய்வுக்கூடம்

மாணவர்களே, இன்று ஓய்வு நேரத்தில் உங்கள் தட்டில் மிச்சமான நாசி லெமாக் எத்தனை கிராம் இருக்கும்? எனக்கும் என் தட்டின் கணக்கு தெரியாது. ஆனால், கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு. அங்குள்ள ‘ஸீரோ வேஸ்ட்’ இயக்கத்தினர் வளாகத்து உணவுக் கழிவைத் தனியாகச் சேகரித்து உரமாக்கி வருகிறார்கள்.

குப்பைமேட்டில் கொட்டினால்தான் என்ன? அங்கே குவியலின் அடியில் உயிர்வளி இல்லை. உயிர்வளி தேவைப்படாத நுண்ணுயிர்கள் உணவைச் சிதைத்து மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரிவளியைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும்.

இதையெல்லாம் வகுப்பில் அழகாக விளக்கியவன்தான் நான். பிறகு எங்கள் பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து ஓர் உரப் பீப்பாய் வைத்தேன். சோறு, மீன் முள், காய்கறித் தோல் எல்லாவற்றையும் கொட்டி இறுக்கமாக மூடினோம். நான்காம் நாள் அழுகிய முட்டை வாடை! சிற்றுண்டிச்சாலை அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் பீப்பாயை அகற்றிவிடுங்கள் என்றார் தலைமையாசிரியர். மாணவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது.

அந்த வாடைதான் எங்களுக்குத் துப்பு கொடுத்தது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. உள்ளே காற்று இல்லை என்பதற்கு அடையாளம். ஈரமும் அதிகம். உரமாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். மீன், காய்கறி மிச்சத்தில் நைட்ரஜன் கூடுதல். கார்பன் மிகுந்த காய்ந்த இலைகளையோ நாங்கள் தினமும் கூட்டி, பீப்பாய்க்குப் பக்கத்திலேயே குப்பைப்பையில் கட்டி வைத்திருந்தோம்! ஒரு வாளி மிச்சத்துக்கு மூன்று வாளி இலை போட்டோம். பக்கவாட்டில் துளையிட்டு, இரண்டு நாளுக்கொரு முறை கிளறினோம். வாடை அடங்கியது, உள்ளே கதகதப்பும் வந்தது. பெரிய உரக் குவியல்களில் வெப்பம் 55 பாகை செல்சியசைத் தாண்டும், நோய்க்கிருமிகள் மடியும். எங்கள் பீப்பாய் அவ்வளவுக்குச் சூடேறவில்லை. அதனால் அந்த உரத்தைப் பூச்செடிகளுக்கு மட்டுமே போட்டோம்.

பல்கலைக்கழகம் போகும்போது அங்குள்ள இயக்கங்களில் சேருங்கள். அறிவியல் துறை மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வாளி தூக்க, எடை குறிக்க, கணக்கெழுத ஆள் வேண்டும். ஈரக்கழிவு பிடிக்காதா? அதே வளாகத்தில் மாசடைந்த வர்சிட்டி ஏரியை மீட்க ‘வாட்டர் வாரியர்ஸ்’ என்ற குழு உருவானது. சுவரொட்டி ஒட்டுவதோடு நின்றுவிடும் குழுக்களும் உண்டு. சேருமுன், “எதை அளக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்குள் உங்கள் சிற்றுண்டிச்சாலையில் ஒரு தராசு வைத்து, ஐந்து நாள் மிச்சத்தை மட்டும் நிறுத்துப் பாருங்களேன். எங்கள் மாணவர்கள் அப்படி நிறுத்தபோது, வெள்ளிக்கிழமைதான் வாளி மிகவும் கனத்தது. காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.