எந்த ஃபைலை இறக்குவது?

"டெபியன் போட்டுப் பார்க்கலாம் என்று போனேன். நெட்இன்ஸ்ட், டிவிடி, லைவ் என்று ஏதேதோ இருக்கிறது. எனக்கு எது?" என்று ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்.

உபுண்டுவுக்கும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் தாய்வீடு 1993-ல் தொடங்கிய இந்த டெபியன் இயங்குதளம்தான். அதன் இணையதள முகப்பில் இன்று பெரிதாக ஒரே ஒரு டவுன்லோட் பட்டன். அழுத்தினால் சாதாரண 64 பிட் கம்ப்யூட்டருக்கான நெட்இன்ஸ்ட் இறங்கும். சிறிய இன்ஸ்டாலர், மீதியை இணையத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். மற்ற வகைகளுக்குத் தனி இணைப்பு. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவுவார். கால அட்டவணை வேண்டுபவர் விசாரணை கவுண்டருக்குப் போவார். அந்த மாதிரி ஏற்பாடு.

ஆனால், வைஃபை விஷயத்தில் டெபியன் பல ஆண்டுகள் புதியவர்களைத் திண்டாட விட்டது. வைஃபை சிப் இயங்க ஃபர்ம்வேர் என்ற நிரலை அதில் ஏற்ற வேண்டும். பல கம்பெனிகள் அதன் மூலநிரலைத் தருவதில்லை. கட்டற்ற மென்பொருள் மட்டுமே என்று 1997-ல் உறுதி எழுதிய டெபியன், அந்த ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரில் சேர்க்கவில்லை. பாதி வேலையில் 'ஐடபிள்யூஎல்வைஃபை' என்று தொடங்கும் ஃபைலைப் பென் டிரைவில் கொடு என்று திரை கேட்கும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்த ஃபைல் வேண்டும்! ஃபர்ம்வேர் சேர்த்த இன்ஸ்டாலரும் டெபியனிடமே இருந்தது, 'அதிகாரப்பூர்வமற்றது' என்ற பெயரில், எங்கோ உள்ளே. பழகியவர்கள் நேராக அங்கே போனார்கள். யாருக்கு அது அவசியமோ அவர் கண்ணில் படவில்லை.

2022-ல் உறுப்பினர்கள் வாக்களித்து இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. வேண்டாதவர்கள் அதைத் தடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கொள்கைக்காரர்களையும் கைவிடாத இந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் இலவசமாகத் தருபவர்கள், வேண்டிய ஃபைலைப் புதியவர் கண்ணில் படும்படி வைக்கும் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பல பக்கங்களில் தேதியே போடாத ஜிப் ஃபைல்களின் வரிசைதான் இருக்கிறது. எது புதியது, விண்டோஸுக்கு எது என்று ஒரு வரி இல்லை. உழைத்துச் செய்த பொருள் இப்படி யாருக்கும் பயன்படாமல் கிடப்பது வேதனை.

அந்த மாணவிக்கு: லைவ் வகையை இறக்குங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அதிலிருந்தே இன்ஸ்டால் செய்யலாம்.