பூனைக்குக் கிட்னி கோளாறா? பட்டினி போடாதீங்க!

பழனி மலையில் பாச்சலூர் பக்கம் பூனை வெறும் செல்லப் பிராணி இல்லை. காப்பியும் மிளகும் மூட்டை கட்டி வைத்திருக்கும் வீட்டில் எலிக்குக் காவல்காரன். அதற்கே பத்து வயது தாண்டிவிட்டால், குளிருக்கு அடுப்படியே கதி என்று சுருண்டு கிடக்கும். "வயசாயிடுச்சு, இளைக்கத்தானே செய்யும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

இளைப்போடு கூட, ஓயாமல் தண்ணீர் குடிப்பது, நிறைய சிறுநீர் போவது, வாந்தி, வாய் நாற்றம், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்தால் உஷாராகுங்கள். சர்க்கரை நோய், தைராய்டாகவும் இருக்கலாம். ஆனால் வயதான பூனைகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீரகத்தைத்தான். ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் சோதித்தால் தெரிந்துவிடும். கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் கட்டம். 5-ஐத் தாண்டினால் நான்காம் கட்டம்.

கெட்டுப்போன பகுதி திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். அதில் பாதி வேலை நம் சமையலறையில்தான் இருக்கிறது. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2000-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இந்த நோயுள்ள 50 பூனைகளைக் கவனித்தார்கள். பாஸ்பரஸும் புரதமும் குறைந்த உணவைச் சாப்பிட்டவற்றில் பாதி 633 நாட்களுக்கு மேல் உயிரோடு இருந்தன. சாப்பிடாதவற்றுக்கு அந்தக் கணக்கு 264 நாட்கள்தான்!

என்ன கொடுக்கலாம்?

கால்நடை மருத்துவர் சொல்லும் 'ரீனல்' உணவு கிடைத்தால் நல்லது. பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளாவது எடுத்து மாற்றுங்கள். வாந்தி இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். அந்த உணவையே வெறுத்துவிடும்.

வீட்டுச் சமையல் என்றால், எலும்பில்லாத கோழிக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்து, கொஞ்சம் சோறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்க்கலாம். மஞ்சள் கருவில் சுமார் 65 மில்லிகிராம் பாஸ்பரஸ்; வெள்ளையில் 5தான். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பாஸ்பரஸ் குறையும். பூனைக்கு அவசியமான டாரின் சத்தும் கூடவே போய்விடும். அதனால் டாரின், கால்சியம், வைட்டமின் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவாடு, நெத்திலி, மீன் தலை, ஈரல் வேண்டாம். "பாவம், தெம்பில்லை" என்று பால் ஊற்றுவதும் தப்பு. அதிலும் பாஸ்பரஸ் உண்டு; வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாமல் பேதியாகும். அதற்காக வெறும் தயிர்சாதத்தில் வளர்க்கவும் முடியாது. புரதத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் தசை கரைந்துவிடும்.

தண்ணீரும் மலச்சிக்கலும்

நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி நீர் தேவை. உடம்பில் நீர் வற்றினால் மலம் கெட்டிப்படும். மலம் கட்டினால் பசி போகும், வாந்தி வரும். உலர்ந்த உணவில் நீர் பத்து சதவிகிதம்தான். உணவில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து வையுங்கள். சூட்டில் வாசனை எழும்பினால் பசியும் வரும். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம்.

விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமா பூனையைக் கொன்றே விடும். கடுவன் பூனை முக்கியும் சிறுநீரே வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை, அடைப்பு. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பத்தியம் வேறு, பட்டினி வேறு

வயிறு சரியில்லையென்றால் லங்கணம் போடுவது நம் வழக்கம். பூனைக்கு அது ஆகாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கொழுப்பு ஈரலில் சேர்ந்து அதையும் கெடுக்கும். ரீனல் உணவை முகர்ந்தும் பார்க்கவில்லையா? பிடித்ததையே கொடுங்கள். சரியான உணவைவிட, ஏதோ ஒன்று உள்ளே போவது அன்றைக்கு முக்கியம். வாந்தியை அடக்கவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் இருக்கின்றன. தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை மருத்துவரிடம் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். ஒவ்வொரு தடவையும் மலையிறங்கி ஒட்டன்சத்திரம் போக வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி.

இவை கிட்டவே வேண்டாம்

* பாரசிட்டமால் மாத்திரை. பாதி கூட ஆபத்து.
* மனிதர்களுக்கான மற்ற வலி மாத்திரைகள்.
* லில்லிப் பூக்கள். பழனி மலையில் தானாக வளரும் நீலகிரி லில்லியும் இந்த இனம்தான். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும்.

வாரம் ஒரு தடவை மளிகைத் தராசில் பூனையை நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். சாப்பிட்டது, வாந்தி, மலம் போன நாள் இவற்றையும் எழுதுங்கள். வாயில்லா ஜீவனுக்காக மருத்துவரிடம் பேசப்போவது அந்த நோட்டுதான்.