பூட்டிக்கொண்டதை வண்டி சொல்லும் விதம்

தூரத்தில் நின்று பொத்தானை அழுத்திக் காரைப் பூட்டுகிறவர், அது உண்மையில் பூட்டிக்கொண்டதா என்பதை எவ்வாறு அறிகிறார் என்ற கேள்விக்கு, வெயில் காயும் நகரத்துத் தரிப்பிடத்தில் விடை கண்ணெதிரே கிடைத்துவிடுகிறது. ஆனால் நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை எனத் தேயிலை மலைகளின் ஊடாக ஏறிச்செல்லும் பாதை சென்றடையும் டயகமவில், பனிமூட்டம் இறங்கிய மாலைப் பொழுதில், அதே கேள்வி சற்று விரிவான விளக்கத்தை வேண்டி நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளியை அண்டிய இந்தத் தோட்டப்புறத்தில், தென்மேற்குப் பருவமழைக் காலத்துத் தூறலும் பனியும் எளிதில் விலகுவதில்லை. கடைவீதியின் ஓரத்தில் வேனை நிறுத்திவிட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் கால் வைத்தபடியே ரிமோட்டை அழுத்தும் சாரதிக்கு, வண்டி காட்டும் சைகை கண்ணுக்கோ காதுக்கோ எட்டுகிறதா என்பது ஒன்று. எட்டினாலும் அந்தச் சைகை எதை உறுதிப்படுத்துகிறது என்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதே பெரும்பாலோர் எண்ணிப் பாராதது.

ரிமோட் எனப்படும் தொலைக்கட்டுப்பாட்டுச் சாவிக்குள் இருப்பது ஒரு சிறிய வானொலி அலைபரப்பி. பொத்தானை அழுத்தியதும் அது ஓர் அடையாளக் குறியீட்டையும் 'பூட்டு' அல்லது 'திற' என்ற கட்டளையையும் அலையாக அனுப்ப, வண்டியிலுள்ள ஏற்பி அதை வாங்கிச் சரிபார்த்த பின், ஒவ்வொரு கதவினுள்ளும் உள்ள சிறு மின்மோட்டாரை இயக்கிப் பூட்டைத் தள்ளுகிறது. பிரான்சின் ரெனோ நிறுவனம் 1982இல் தன் ஃபுயேகோ காரில் அறிமுகப்படுத்திய, தொலைவிலிருந்து பூட்டும் வசதி, பின்னர் உலகின் ஏனைய கார்களுக்கும் பரவியது. ஜப்பானில் பாவிக்கப்பட்டு இலங்கைக்கு வரும் கார்கள் பலவற்றின் சாவிகள் 315 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலும், ஐரோப்பியக் கார்களின் சாவிகள் பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலும் இயங்குகின்றன. அனுப்பிய குறியீட்டை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பித் திறந்துவிடாதபடி, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குறியீடு மாறிக்கொண்டே செல்லும் முறையும் பின்னர் வந்து சேர்ந்தது. தென்னாபிரிக்காவில் 1980களில் உருவாகி 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்குச் சென்ற கீலொக் என்ற முறை இவ்வகையில் பெயர் பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது, சாதாரண ரிமோட் பேசுமே தவிரக் கேட்காது என்பதாகும். கட்டளையை அனுப்புவதற்கான உறுப்பு அதில் உண்டு. வண்டியின் பதிலை வாங்குவதற்கான உறுப்பு இல்லை. ஆதலால் 'பூட்டிவிட்டேன்' என்று வண்டி அறிவிக்க வேண்டுமாயின், அதைச் சாவிக்கு அறிவிக்க வழியின்றி, மனிதனின் கண்ணுக்கோ காதுக்கோ நேரடியாகவே அறிவிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு உற்பத்தியாளர்கள் தெரிந்தெடுத்த முதற் சாதனம் சிக்னல் லைட்டுகள் எனப்படும் திருப்பு விளக்குகள். ஹெட்லைட் முன்புறத்துக்கு மட்டுமே ஒளி தருவது. சிக்னல் லைட்டோ வண்டியின் நான்கு மூலைகளிலும் இருப்பதால், சாரதி எந்தப் பக்கம் நடந்து சென்றாலும் ஏதேனும் ஒன்று அவர் பார்வையில் படும். நான்கையும் ஒருசேர மின்னவைக்கும் அபாய விளக்குச் சுற்று வண்டியில் ஏற்கெனவே இருப்பதால், புதிதாக ஒரு விளக்கைப் பொருத்தவேண்டிய தேவையும் எழவில்லை.

எத்தனை முறை மின்னினால் பூட்டு, எத்தனை முறை மின்னினால் திறப்பு என்பதில் உலகம் முழுவதற்கும் பொதுவான உடன்பாடு கிடையாது. டொயோட்டா, சுசுகி முதலிய ஜப்பானிய வண்டிகளில் ஒருமுறை மின்னினால் பூட்டு, இருமுறை மின்னினால் திறப்பு என்பது வழக்கமாக இருக்க, ரெனோ கார்கள் பலவற்றில் இருமுறை மின்னுவது பூட்டியதையும் ஒருமுறை மின்னுவது திறந்ததையும் குறிக்கிறது. மேர்சிடிஸ் பென்ஸ் கார்களிலோ பூட்டும்போது மூன்று முறையும் திறக்கும்போது ஒருமுறையும் மின்னும். ஆகவே ஒரு நிறுவனத்தின் வண்டியை ஓட்டிப் பழகியவர் மற்றொன்றை வாங்கும்போது, பழைய பழக்கத்தை நம்பினால் திறந்த வண்டியைப் பூட்டியதாக எண்ணி நடந்துவிட இடமுண்டு. பாதுகாப்போடு தொடர்புடைய ஒரு சைகை நிறுவனத்துக்கு நிறுவனம் நேர்மாறாக இருப்பது, இத்தனை ஆண்டுகளாகியும் திருத்தப்படாத குறையே.

இரண்டாவது சாதனம் ஒலி. இதில் இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். அமெரிக்காவுக்கென உருவான கார்கள் பலவற்றில், பூட்டும் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினால் வண்டியின் ஹோர்னே சிறிது நேரம் ஒலிக்கிறது. ஸ்மார்ட் சாவியோடு வரும் ஜப்பானியக் கார்கள் பலவற்றில், ஹோர்னை விட மிக மெலிந்த 'பீப்' ஒலியைத் தனி ஒலிப்பான் ஒன்று எழுப்புகிறது. இந்த மெல்லிய ஒலி எச்சரிக்கைக்கும் உதவுகிறது: பல டொயோட்டா கார்களில், ஒரு கதவு சரியாகச் சாத்தப்படாத நிலையில் பூட்ட முயன்றால், ஒலி தொடர்ந்து எழுந்து அதைத் தெரியப்படுத்துகிறது. ஹோர்ன் ஒலி எங்கும் தாராளமாக அனுமதிக்கப்படுவதில்லை: பிரித்தானியாவில் நின்றிருக்கும் வண்டியின் ஹோர்னை அடிப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. குடியிருப்புத் தெருக்களில் இரவு 11.30 மணி முதல் காலை 7 மணி வரை ஓடும் வண்டியும் ஹோர்ன் அடிக்கலாகாது.

மலையகத் தோட்டங்களில் இந்த ஒலி விடயம் கூடிய கவனத்துக்குரியது. பிரட்டு எனும் காலை ஆள்சேர்ப்புக்கு ஆட்களை அழைத்த தப்பும், வேலை நேரத்தை அறிவித்த கொம்பும், தேயிலைத் தொழிற்சாலையின் சங்கும் ஒலித்த காலத்தில், ஒலி இங்கே ஊர் முழுவதற்கும் பொதுவான அறிவிப்பாக இருந்தது. இன்றைய லயங்களில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் ஒற்றைச் சுவரைப் பகிர்ந்து வாழ்கின்றன. கொழும்புக்குப் புறப்படுகிறவர்களை ஏற்றவோ நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவோ விடியுமுன் வரும் வேன், பூட்டும்போதும் திறக்கும்போதும் ஹோர்ன் அடித்தால், அது ஒருவருக்கான செய்தியாக நில்லாமல் வரிசை முழுவதன் உறக்கத்தையும் கலைக்கிறது. அன்று காலையில் மலைக்கு ஏறிக் கொழுந்து பறிக்க வேண்டியவர்களின் உறக்கம் அது.

ஆனால் பனிமூட்டத்தில் ஒளி மட்டும் போதுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. மூடுபனி என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவான நீர்த்துளிகள் காற்றில் மிதக்கும் நிலை. 315 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர். தன்னிலும் இத்தனை சிறிய துளிகளை அது பொருட்படுத்தாமல் கடந்துசெல்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ துளியைவிடவும் சிறியதாகையால், ஒவ்வொரு துளியிலும் மோதி எல்லாப் பக்கமும் சிதறிவிடுகிறது. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்ற பரவலான நம்பிக்கைக்கும் இங்கே இடமில்லை. துளிகள் ஒளியலையைவிடப் பெரியவையாக இருக்கும்போது சிதறலில் நிறத்தால் வரும் வேறுபாடு மிகச் சொற்பம். இதன் விளைவாக, டயகமவின் பனியில் சாரதியின் கட்டளை வண்டியைப் பழுதின்றி அடைய, வண்டியின் பதில் மட்டும் வழியிலேயே மங்கிப்போகும் விசித்திர நிலை உண்டாகிறது. சைகை தெரியாத தூரத்திலிருந்து அழுத்துவது, பதிலைக் கேளாமலே கேள்வி கேட்பதாகிவிடும்.

சைகை தெரிந்துவிட்டாலும் அது எதற்குச் சான்று என்பது வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. தொழிற்சாலையிலேயே ரிமோட்டோடு வந்த கார்களில், கதவு சாத்தப்பட்டதா என்பதைக் காட்டும் சிறு ஆளிகளைக் கட்டுப்பாட்டுக் கருவி பார்த்து, அதன் பிறகே சைகை தருவது பொதுவான ஏற்பாடு. கராஜில் பின்னாளில் பொருத்தப்படும் 'சென்டர் லொக்' தொகுதிகள் பலவற்றிலோ, கட்டளை கிடைத்ததும் கருவி மோட்டாருக்கும் சிக்னல் லைட்டுக்கும் ஒரே சமயத்தில் மின்சாரம் அனுப்பிவிடுகிறது; மோட்டார் அசைந்ததா, பூட்டு விழுந்ததா என்பதை அது பார்ப்பதே இல்லை. அதாவது அந்த மின்னல் 'கட்டளை கிடைத்தது' என்று சொல்கிறதேயன்றி, 'கதவு பூட்டியாயிற்று' என்று சொல்லவில்லை.

இந்த வேறுபாடு இலங்கையில் ஏட்டளவில் நிற்கும் ஒன்றன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளே கைமாறி ஓடின. மலைப்பாதைகளில் ஓடும் பழைய ஹயஸ் வேன்கள் பலவற்றில் ரிமோட் பூட்டு பின்னாளில் சேர்க்கப்பட்டதே. கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே, கீலுக்கு அருகில், ஒரு ரப்பர் குழாய் வளைந்து செல்வதைக் காணலாம். பூட்டு மோட்டாருக்கான கம்பிகள் அதற்குள்ளேயே செல்கின்றன. கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும்போது அக்கம்பிகள் அதே இடத்தில் மடிந்து மடிந்து ஒருநாள் அறுந்துவிடும். ரப்பர் வெடித்திருந்தால் மழைநீரும் இறங்கிச் செம்பைப் பச்சையாக்கிவிடும். அப்போது மூன்று கதவுகள் பூட்ட, நான்காவது திறந்தே இருக்க, நான்கு சிக்னல் லைட்டுகளும் எப்போதும்போல மின்னும்.

சைகையே வராமற் போவதற்கு முதற் காரணம் சாவியின் பெட்டரி. பல சாவிகளில் உள்ள 2032 வகை நாணய வடிவப் பெட்டரி 3 வோல்ட் தருவது. குளிரில் அதன் உள்மின்தடை கூடுவதால், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பகுதியில் துகள் உறைபனி விழும் அதிகாலைகளில், ஏற்கெனவே தளர்ந்த பெட்டரி கைவிடுவது இயல்பு. மற்றொரு காரணம் கவலைக்குரியது: அதே அலைவரிசையில் வேறொரு கருவியை இயக்கிக் கட்டளையை அமுக்கிவிட்டு, பூட்டாத வண்டியிலிருந்து பொருளை எடுக்கும் திருட்டு முறை தென்னாபிரிக்காவில் பரவலாக அறியப்பட்டது. அதற்கு இரையாகிறவர் திரும்பிப் பாராமல் அழுத்திக்கொண்டே நடப்பவர்தான். சில கார்களில் பூட்டியதும் பக்கக் கண்ணாடிகள் தாமாக மடிந்துகொள்கின்றன. ஒளி மங்கும் பனியிலும் வண்டியின் உருவம் தெரியும் தூரத்தில் இது நல்ல அடையாளம். டாஷ்போர்டில் விட்டுவிட்டு மின்னும் சிவப்புப் புள்ளி பெரும்பாலும் என்ஜினைத் தடுக்கும் பாதுகாப்புக் கருவி விழித்திருப்பதைக் காட்டுவது. அதைக் கதவுப் பூட்டுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

எனவே பாவித்த வண்டி வாங்குகிறவர்கள், விலை பேசுமுன் ரிமோட்டை அழுத்தி, எத்தனை மின்னலுக்கு என்ன பொருள் என்று கேட்டறிந்து, நான்கு கதவுகளின் கைப்பிடியையும் பின்கதவையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது நல்லது. லயங்களுக்கு அருகே வண்டி நிறுத்துகிறவர்கள், பூட்டும்போது எழும் ஹோர்ன் ஒலியை நிறுத்திவைக்குமாறு கராஜில் கேட்டுக்கொள்ளலாம். பல தொகுதிகளில் அது சிறிய வேலையே. பனி இறங்கிய நாளில் வண்டியை விட்டு விலகுமுன், பக்கத்தில் நின்றே அழுத்தி, விளக்கைப் பார்த்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிட்டுச் செல்லுங்கள்.