சிங்கப்பூர் வேலை: கடன் வாங்கும் முன் காகிதத்தைப் படியுங்கள்

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஊர்களில் ஒருவர் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறார் என்றால் வீட்டுப் பேச்சு முழுக்கப் பணத்தைப் பற்றியே இருக்கும். ஸ்கில் டெஸ்ட்டுக்கு எவ்வளவு, ஏஜென்ட்டுக்கு எவ்வளவு, எந்த நகையை அடகு வைப்பது, மீதிக்கு யாரிடம் வட்டிக்கு வாங்குவது என்றெல்லாம் நாள்கணக்கில் அலசுவார்கள். அங்கே கிடைக்கப்போகும் சம்பளம் என்ன, அதை யார் எழுத்தில் உறுதி செய்திருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும், ‘அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவார்’ என்ற ஒரே பதிலில் அடங்கிவிடுகிறது. ஆபத்து தொடங்கும் இடம் இதுதான். கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் போகிற வெளிநாட்டு ஊழியருக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் தருகிற பாதுகாப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கையில் ஆதாரம் வைத்துக்கொண்டு, உரிய காலத்துக்குள் போய்க் கேட்பவருக்குத்தான் அது முழுமையாகக் கிடைக்கும். கழுத்தை நெரிக்கும் கடனோடு போனவருக்குக் கேட்கத் துணிவு வராது. காகிதம் இல்லாமல் போனவருக்குக் கேட்க வழி இருக்காது. ஆகவே சிங்கப்பூரில் கிடைக்க வேண்டிய உரிமையைக் காப்பாற்றும் வேலையை ஊரில், கடன் வாங்குவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.

ஊரிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி இந்திய அரசின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்காக அவர்களுடைய வேலை ஒப்பந்தம் அரசின் பார்வைக்குப் போகும், காப்பீடும் கட்டாயம். அந்த 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. எனவே குவைத்துக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தைப் பார்க்கிற அதிகாரி, சிங்கப்பூருக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கமும் ஒரு இடைவெளி இருக்கிறது: வெளிநாட்டு ஊழியருக்கு இதற்குக் குறைந்து சம்பளம் தரக்கூடாது என்று சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவான வரம்பு எதையும் வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒர்க் பெர்மிட்டில் போகும் ஊழியரின் சம்பளத்துக்குப் பிடிமானம் ஒன்றே ஒன்றுதான். அது சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அனுப்புகிற முன் அனுமதிக் கடிதம். எல்லோரும் ஐபிஏ என்று சொல்வது இதைத்தான்.

ஐபிஏ என்பதை விமான நிலையத்தில் காட்டுகிற நுழைவுச் சீட்டாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பது முதலாளி அமைச்சிடம் எழுத்தில் கொடுத்த வாக்கு. நிறுவனத்தின் பெயர், வேலையின் வகை, அடிப்படை மாதச் சம்பளம், நிலையான படிகள், சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை எல்லாம் அதில் தனித்தனி வரிகளாக இருக்கும். ஊழியர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, அவர் தாய்மொழியில் உள்ள படியை முதலாளி அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அதாவது தமிழில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ‘அங்கே போனதும் தருவார்கள்’ என்று ஏஜென்ட் சொன்னால் பணம் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் அது உண்மையானதா என்று மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே இலவசமாகச் சரிபார்க்கலாம். போலி ஐபிஏ காட்டிப் பணம் பறிப்பவர்களிடமிருந்து தப்ப இதைவிட எளிய வழி இல்லை. ஐபிஏவில் உள்ள அடிப்படைச் சம்பளத்தையோ நிலையான படிகளையோ குறைக்க வேண்டுமானால், முதலாளி முதலில் ஊழியரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். போய்ச் சேர்ந்த வாரத்தில் ‘இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி’ என்று நீட்டுகிற புதிய ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், அந்தச் சம்மதத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

இந்த வரிகளில் அதிகக் கவனம் கேட்பது அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக். மாதம் மொத்தம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இரண்டு பேருக்கு வேலை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 800 வெள்ளியும் பேசிக். மற்றவருக்கு 500 பேசிக், 300 படி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஓவர்டைம் (ஓடி) கணக்கில் படிகள் சேராது. பேசிக்கை வைத்து ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கண்டுபிடித்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்கிறது சிங்கப்பூர் வேலைச் சட்டம். வாரம் 44 மணி நேர வேலை என்ற கணக்கில் முதலாமவருக்கு ஒரு மணி நேர ஓடி ஏறத்தாழ 6 வெள்ளி 29 காசு. இரண்டாமவருக்கு 3 வெள்ளி 93 காசு. சட்டம் அனுமதிக்கிற உச்ச அளவான 72 மணி நேரம் ஓடி செய்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 170 வெள்ளி வித்தியாசம். ஆண்டுக்கு அது 2,000 வெள்ளியைத் தாண்டும். ஊரில் வாங்கிய கடனின் பெரும் பகுதியை அடைக்கிற தொகை, காகிதத்தின் ஒரே வரியில் கரைந்துபோகிறது. ‘மொத்தம் எவ்வளவு வரும்’ என்று கேட்கும் வழக்கத்தை விட்டு, ‘பேசிக் எவ்வளவு’ என்று கேட்கப் பழக வேண்டும்.

அடுத்தது ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணம். இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், கூடிப்போனால் இரண்டு மாதச் சம்பளம்வரைதான் ஊழியரிடம் வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு நீக்கினால் அதில் பாதியையாவது திருப்பித் தர வேண்டும். வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் வாங்கினால் அது குற்றம். 30,000 வெள்ளிவரை அபராதமும் இரண்டு ஆண்டுவரை சிறையும் விதிக்கலாம். ‘எல்லோரும் லட்சக்கணக்கில்தான் கொடுக்கிறார்கள், நான் மட்டும் சட்டம் பேசினால் வாய்ப்பு அடுத்தவனுக்குப் போய்விடும்’ என்று சொல்வார்கள். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கூடுதலாகக் கொடுக்கிற ஒவ்வொரு லட்சமும், அநியாயத்தைச் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டிய மாதங்களைக் கூட்டுகிறது. கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால் ரொக்கமாக, ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். யாருக்கு, எதற்கு என்று தெரிகிற மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். கொடுத்ததற்குத் தடயமே இல்லாத பணத்தை எந்த அதிகாரியாலும் மீட்டுத் தருவது கடினம்.

போய்ச் சேர்ந்த முதல் மாதம்தான் அடுத்த இரண்டு ஆண்டுக்கான அடித்தளம். மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் முடிந்து பெர்மிட் அட்டை வரும். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் முதன்முறை வருபவர்களுக்கு, அவர்கள் மொழியிலேயே ஒரு நாள் அறிமுக வகுப்பு உண்டு. அதைத் தூங்கிக் கழிக்காதீர்கள். பாஸ்போர்ட் உங்களுடையது, அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை. வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். சம்பள மாதம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளமும், 14 நாட்களுக்குள் ஓடிப் பணமும், கூடவே விவரமான சம்பளச் சீட்டும் வர வேண்டும். எழுதாத வவுச்சரிலும் வெறும் டைம் கார்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு சிறிய நோட்டில் தினமும் வேலைக்கு வந்த நேரம், விட்ட நேரம், எந்த சைட், எந்த சூப்பர்வைசர் என்று எழுதி, மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தகராறு வந்தால் கம்பெனியின் கணக்குக்கு எதிரே வைக்க உங்களிடம் இருப்பது அந்த நோட்டுதான். பெர்மிட்டில் உள்ள நிறுவனத்தையும் வேலையையும் தவிர வேறெங்கும் பகுதிநேரமாகக்கூட வேலை செய்யக்கூடாது; அப்படிச் செய்தால் நீங்களும் குற்றவாளி ஆவீர்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வேலைச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். வாராந்திர ஓய்வு நாள் உட்பட அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

வேலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலைக் காயச் சட்டத்தின்படி இழப்பீடு பெற, தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை; வேலையால் காயம் ஏற்பட்டது என்பது போதும். சிகிச்சைச் செலவு, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம், நிரந்தரப் பாதிப்பு இருந்தால் அதற்கான தொகை ஆகியவை இதில் அடங்கும். விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். பெர்மிட் ரத்தாகியிருந்தாலும் வைக்கலாம். ‘ரூமில் வழுக்கி விழுந்தேன்னு டாக்டரிடம் சொல்லு, கம்பெனி பார்த்துக்கும்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவர் முதலில் எழுதுகிற அந்த ஒரு வரிதான் பின்னால் பெரிய சாட்சியாக நிற்கும். எங்கே, எப்படி, என்ன வேலை செய்யும்போது அடிபட்டது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மருத்துவச் சான்றின் படியை வாங்கி வையுங்கள்.

சம்பளம் வரவில்லை என்றால் டாடம் என்ற முத்தரப்பு அமைப்பிடம் முறையிடலாம். அங்கே முதலில் சமரசப் பேச்சு நடக்கும்; தீராவிட்டால் வழக்கு வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். வேலையில் இருக்கும்போது கடந்த ஓராண்டுப் பாக்கியைக் கேட்கலாம். வேலையை விட்டுவிட்டால், விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். ‘புகார் கொடுத்தால் பெர்மிட்டை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்ற பயம் பலரைக் கட்டிப்போடுகிறது. அதை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. அவரால் அதை ரத்து செய்ய முடியும். ஆனால் சம்பளப் பாக்கியைத் தீர்க்காமல் ஊழியரைத் திருப்பி அனுப்புவது பெர்மிட் நிபந்தனைக்கு எதிரானது. வலுக்கட்டாயமாக சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால், குடிநுழைவு அதிகாரியிடம் ‘எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை’ என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். கோரிக்கை விசாரணையில் இருக்கும்வரை தங்கியிருக்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். கோரிக்கை நியாயமானது என்று தெரிந்தால் வேறு முதலாளியைத் தேடவும் அமைச்சு அனுமதிப்பதுண்டு. அந்த இடைக்காலம் வருமானம் இல்லாத கடினமான காலம்தான். அதனால்தான் கடன் குறைவாக இருக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துப் பார்ப்போம் என்று ஓராண்டைக் கடத்தியவருக்குக் கெடு கடந்த பாக்கி போனது போனதுதான்.

படிப்பறிவு குறைந்த ஊழியர் தலையில் இத்தனை பொறுப்பைச் சுமத்துவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லை. கண்காணிக்கும் கடமை இரண்டு அரசுகளுக்கும் இருக்கிறது. சிங்கப்பூருக்குச் செல்வோரின் ஐபிஏவையும் கிளம்பும் முன் ஓர் அலுவலர் படித்துக்காட்டி விளக்குகிற ஏற்பாட்டை, அயலகத் தமிழர் நலத் துறை மாவட்டந்தோறும் செய்ய வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழக அரசின் சொந்த நிறுவனமே சென்னையில் இருக்கிறது என்பது பல கிராமங்களுக்குத் தெரியாது, தெரியப்படுத்த வேண்டும். ஆனால் அரசுகள் கடமையைச் செய்யும் நாள்வரை அடுத்த விமானம் காத்திருக்காது. அதில் ஏறப்போகிறவரைக் காக்க, இன்று அவர் கையில் இருக்கிற காகிதமும் விவரமும்தான் உண்டு.

ஆகவே கிளம்புகிறவர்களுக்கும் அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். தமிழில் உள்ள ஐபிஏவைக் குடும்பத்தோடு உட்கார்ந்து, வரிக்கு வரி படியுங்கள். ஒரு படியை வீட்டில் வையுங்கள். சிங்கப்பூரில் 24 மணி நேரமும் இயங்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற எண்ணைப் போனிலும் எழுதுங்கள், சுவரிலும் எழுதுங்கள். இவற்றை முடித்த பிறகு அடகுக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.