'என்னால முடியல'ன்னு சொல்றதும் கெத்துதான்!

அரியர் இருக்குன்னு வீட்ல சொல்ல பயம். க்ளாஸ்ல டவுட் கேட்டா பசங்க கலாய்ப்பாங்களோன்னு பயம். ஹாஸ்டல் ரூம்ல மனசு உடைஞ்சு கிடந்தாலும், 'என்ன மச்சி ஆச்சு?'ன்னு யாராவது கேட்டா ரெடிமேட் பதில்... 'சே, ஒண்ணுமில்லடா!'

யார்கிட்டயும் உதவி கேட்காம இருக்கிறதுதான் வீரம்னு நினைக்கிறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அப்படின்னா சிமோன் பைல்ஸ் கதையைக் கேளுங்க.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் புயல். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல மட்டும் 4 தங்கம், 1 வெண்கலம். கொரோனாவால தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021-ல நடந்தப்போ, மொத்தக் கேமராவும் அவங்க மேலதான்!

அந்தரத்தில் ஒரு குழப்பம்

ஜூலை 27. டீம் ஃபைனல். முதல்ல வால்ட். ஓடி வந்து, மேஜையில கை ஊன்றி எகிறி, அந்தரத்துலயே உடம்பை இரண்டரை சுத்து சுத்தி இறங்கணும். பைல்ஸ் சுத்தினது ஒன்றரைதான். தடுமாறி இறங்கினாங்க.

இதுக்கு ஜிம்னாஸ்ட்கள் வெச்சிருக்கிற பேர் 'ட்விஸ்டீஸ்'. அந்தரத்துல இருக்கும்போது தரை எந்தப் பக்கம்னே மூளைக்குப் புரியாது. தப்பா இறங்கினா கழுத்தே முறியலாம்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போகல பைல்ஸ். மிச்சத்தை டீம் பார்த்துக்கும்னு நம்பி விலகிட்டாங்க. 'கோழை'ன்னு திட்டினவங்களும் உண்டு.

தோள் கொடுத்த தோழிகள்

மேட்டரே இனிமேதான். ஜோர்டன் சைல்ஸ் தகுதிச்சுற்றுல பார்ஸ், பீம் ரெண்டுலயும் சொதப்பினவங்க. ஃபைனல்ல அது ரெண்டும் அவங்க லிஸ்ட்லயே இல்லை. ஆனா, திடீர்னு பைல்ஸ் இடத்துல இறங்கி, ரெண்டையும் விழாம முடிச்சாங்க. ஃப்ளோரை சுனிசா லீ ஏத்துக்கிட்டாங்க. கிரேஸ் மெக்கல்லமும் கைகொடுக்க, டீமுக்கு வெள்ளி! ஓரமா நின்னு கைதட்டி உற்சாகப்படுத்தினது யாரு? நம்ம பைல்ஸ்தான்.

ஆகஸ்ட் 3-ம் தேதி பீம் ஃபைனலுக்குத் திரும்பி வந்தாங்க. கடைசியில இறங்கும்போது ட்விஸ்ட் இல்லாத ஸ்டைலா மாத்திக்கிட்டு, வெண்கலம் ஜெயிச்சாங்க. அப்புறம் மனநல ஆலோசனை எடுத்துக்கிறதைக்கூட வெளிப்படையாப் பேசினாங்க. 2024 பாரிஸ்ல 3 தங்கம், 1 வெள்ளி! அதுல டீம் தங்கம் ஜெயிச்சப்போ பக்கத்துல நின்னவங்க... அதே சைல்ஸ், அதே சுனிசா லீ!

கவனிச்சீங்களா? 'முடியல'ன்னு சொல்ல பைல்ஸுக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டுச்சோ, 'நான் இருக்கேன்'னு உலகமே பார்க்க களமிறங்க சைல்ஸுக்கும் அவ்வளவு தேவைப்பட்டுச்சு. பிடிக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே, விழப்போறேன்னு வாய் திறந்து சொல்ல முடியும்?

ஸோ, உங்க கேங்ல யாராவது 'முடியலடா'ன்னு ஆரம்பிச்சா, மொக்கை ஜோக் அடிக்காம பத்து நிமிஷம் காது கொடுங்க. சொல்ல ஆளே இல்லைன்னு தோணினா, மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416 இருக்கு. தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் பேசலாம்.

தனியா நின்னு ஜெயிக்கிறது சினிமா ஹீரோவுக்கு சரி. நமக்கு ஒரு டீம் வேணும் பாஸ்!